சந்தேகம் தீராத வெங்கடபதி ஏட்டையா

வெங்கடபதி ஏட்டையா காலமாகிவிட்டார் என்று திண்டிவனத்தில் எங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. துக்கத்தில் எல்லோரும் சொல்கிற வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பவில்லை. "யாரு பேசறது? எங்கேருந்து? நீங்க கண்ணால பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று அடுக்கினேன். எதிர்முனையில் இருந்தவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், விழுப்புரத்திலிருந்து வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தேன். "ஆமாங்க, ஏட்டையா ஊட்டு வாசல்ல பந்தல் போட்டுக்கினு இருக்காங்க, பாத்துட்டுதான் வர்றேன்" என்றார். அப்படியும் மனசு ஒப்பவில்லை.

அவருக்குக் கீழே வருஷக்கணக்கில் கான்ஸ்டபிளாக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? ஏட்டையா அடிக்கடி சொல்வது இது: "ஒரு வாய் சொன்னா அது சேதி. ரெண்டு வாய் ஒரே மாதிரி சொன்னா அது பேசி வெச்சது. மூணாவதா ஒரு வாய் வேணும்யா. அதுவும் நம்மகிட்ட ஒண்ணும் எதிர்பாக்காத வாயா இருக்கணும்." எனக்கு இரண்டு வாய்தான் ஆகியிருந்தது. மூன்றாவதைத் தேடிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, கத்தரித்த மீசை, யாரிடம் பேசினாலும் தலையைச் சாய்த்து ஒரு காதை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்கிற வழக்கம். பூர்வீகம் பனமலை ஏரிப் பக்கம். கொஞ்சம் நிலம் உண்டு. வீட்டில் தெலுங்கு. வேலையோ விழுப்புரத்தில் ஹெட் கான்ஸ்டபிள். ஓட்டலில் காபியை முகர்ந்து பார்க்காமல் குடிக்க மாட்டார். கத்திரிக்காய் வாங்கினால் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தது என்று கேட்பார். ஜங்ஷன் கடிகாரத்தின் மேல்கூட அவருக்கு நம்பிக்கை கிடையாது, வண்டியிலிருந்து இறங்குகிற பிரயாணிகளிடம் மணி கேட்டுச் சரிபார்ப்பார். கல்யாண வீட்டில் அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டால், "எதுக்கு நமக்கு முதல் பந்தி?" என்று இரண்டாம் பந்திவரை யோசித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். அவருக்கு அதுவும் தெரியும், யார் யார் சிரித்தார்கள் என்பதும் தெரியும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், நான் வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது. விழுப்புரம் சந்தையில் ஒருவன் ஒரு ஜோடி உழவு மாடுகளை விற்க வந்திருந்தான். செஞ்சிப் பக்கம், சொந்த வீட்டில் பிறந்த கன்றுகள் என்றான். சாட்சிக்குக் கூட வந்தவனும் அதையே சொன்னான். மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்த ஏட்டையா, "நாலடி நடத்திக் காட்டு" என்றார். அவன் "வா, வா, ஹை" என்றான். மாடுகள் நின்ற இடத்தில் நின்றன. அடித்த பிறகுதான் நடந்தன. ஏட்டையா ஒரு மாட்டின் காதருகே குனிந்து தணிந்த குரலில் என்னவோ சொன்னார். இரண்டு மாடுகளும் காதைத் திருப்பிக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தன.

"தமிழ்க்காரன் ஊட்டு மாடு தெலுங்குக்குத்தான் நடக்குமா?" என்று கேட்டார். அவன் முகம் வெளுத்துவிட்டது. பனமலைக்கு அந்தண்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டுக்குச் சொந்தக்காரர் அழுதுகொண்டிருந்தார்.

அன்று திரும்பி நடக்கும்போது எனக்குச் சொன்னார்: "மனுசன்கிட்ட எல்லாரும் வேஷம் போடுவான் கோவிந்து. மாட்டுக்கிட்ட எவன்யா வேஷம் போடுவான்? ஒருத்தன் எந்த ஊரு, எந்த ஊடுன்னு தெரிஞ்சிக்கணும்னா அவன் மாட்டுக்கிட்ட இன்னா பேசறான்னு கேளு."

மாட்டின் காதில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?" என்று வெட்டிவிட்டார். எங்கள் யார் எதிரிலும் அவர் தெலுங்கு பேச மாட்டார். காரணத்தை அவர் மனைவி ஆதிலட்சுமி அம்மாள் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் அவரை வடக்கே தெலுங்கு ஜில்லா ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்களாம். அங்கே கடைத்தெருவில் அவர் வாயைத் திறந்தாலே கூட்டம் கூடிச் சிரித்ததாம். இது தெலுங்கே இல்லை, எங்கே பொறுக்கினாய் என்று கேட்டார்களாம். திரும்பி வந்தார். பிறகு ஆந்திரா தனியாகப் பிரிந்த சமயத்தில் இங்கே இருக்கிறவர்கள், "நீ தெலுங்கனாச்சே, அங்கதான போவப்போற?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அங்கே போனால் தமிழன், இங்கே வந்தால் தெலுங்கன். அப்படிக் கேட்ட ஒரு நாள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "ஊட்டுல ஒரு பாஷை, தெருவுல ஒரு பாஷைன்னு இருந்தா ஊரு சந்தேகப்படும். இனிமே புள்ளைங்க காதுல அது விழக் கூடாது." ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர், ஊர் தம்மைச் சந்தேகப்படுமோ என்று பயந்திருக்கிறார். அப்புறம் அந்த வீட்டில் கொல்லைப்புற மாட்டுக்கொட்டகையில் மட்டும்தான் தெலுங்கு இருந்தது, அதுவும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு.

இனி பியேரி துரை. யுத்த காலத்தில் பாலைவனத்தில் பிடிபட்டு, கைதியாக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இத்தாலியப் பட்டாளத்தார்களில் ஒருவர். வருஷக்கணக்கில் முள்கம்பி வேலிக்குள் இருந்தவர். யுத்தம் முடிந்ததும் மற்றவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள், இவர் போகவில்லை. ஊர் ஊராக இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டே வந்து, ஐம்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் நாங்கள் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை ஆட்டும் ஒரு எண்ணெய் மில்லில் பிட்டராக நிலைத்துவிட்டார். மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு, ஒரு பசு மாடு. அவர் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் திண்டிவனத்தில் பிறந்தவர் என்றே சொல்வீர்கள்.

வெளிநாட்டார்களைக் கண்காணிக்கும் வேலை அப்போது ஏட்டையாவிடம் இருந்தது. மாதாமாதம் மஃப்டியில் பஸ் ஏறித் திண்டிவனம் போவார், நானும் கூடப் போவேன். பியேரியைப் பார்த்த முதல் நாளே அவருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாரும் ஊருக்குப் போயிட்டான். இவன் மட்டும் இன்னாத்துக்கு இங்க மல்லாட்டை தூசியில கெடக்கறான்? ஒரு லெட்டரும் வராதவன் எதுக்குய்யா தெனம் தபாலாபீசுக்குப் போறான்?" என்பார். பியேரிக்கும் இவரைப் பிடிக்காது. "ஏட்டையா, உங்களால ஒரே பேஜாருங்க. நான் சாணி அள்ளினாலும் பாக்கறீங்க, சாப்பிட்டாலும் பாக்கறீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். ஏட்டையா காதை நீட்டிக்கொண்டு அதையும் கேட்டுக்கொள்வார்.

சீனாக்காரன் எல்லையில் இறங்கிய வருஷம், இங்கேயும் எங்கே பார்த்தாலும் உளவாளி என்று பேச்சு. வெளிநாட்டார் ஒவ்வொருவரையும் சரிபார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பியேரி தம்மை இத்தாலிக்காரர் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, அதற்குக் காகிதமும் இல்லை, சொந்த ஊரில் அவரை அறிந்தவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பேச்சை வைத்துச் சோதிக்க மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்துவந்தார்கள். நல்ல மனிதர், ரோமாபுரியில் தங்கிப் படித்தவர். திண்டிவனம் டிராவலர்ஸ் பங்களாவில் பியேரியை உட்காரவைத்து இத்தாலி மொழியில் பேசினார். பியேரி தட்டுத் தடுமாறினார், வார்த்தை வார்த்தையாக யோசித்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் பால் கறக்கும்போது அவர் மாட்டிடம் பேசுவதைப் பேராசிரியர் வேலிக்கு வெளியே நின்று கேட்டார். அதில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"இவர் இத்தாலியர் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். "இத்தாலி மொழி அவருக்குப் படித்து வந்த மொழி. வீட்டில் பேசுவது வேறு ஏதோ. அது என்னவென்றும் எனக்குத் தெரியவில்லை."

அவ்வளவுதான். வேறு நாட்டுக்காரன் இத்தாலியன் வேஷத்தில் இருக்கிறான் என்று ஆகிவிட்டது. வடக்கே ஏதோ முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டார்கள். பியேரிக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போது ஓடி வந்து ஏட்டையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய கை, கிரீஸ் கறை போகாத கை. "ஏட்டையா, என்னை வேணும்னா அடிங்க. முள்ளுக்கம்பி மட்டும் வேணாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவ போனா நான் திரும்ப மாட்டேங்க" என்றார். ஏட்டையா கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஏழெட்டு வருஷமாக இவர் சந்தேகப்பட்டது பலித்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? மனிதரிடம் அதைக் காணோம். விக்கிரவாண்டியில் பஸ் நின்றதும் இறங்கி டீ வாங்கினார். முகர்ந்து பார்க்காமலே குடித்தார், எனக்குப் பயமாகிவிட்டது.

"கோவிந்து, அந்தப் பேராசிரியரு எந்த ஊரு?"

"கோதாவரிப் பக்கம்னு பேசிக்கினாங்க ஏட்டையா."

"தெலுங்கரா?" என்று கேட்டுவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு வாய் சொல்லிச்சுன்னு ஒருத்தனக் கம்பிக்குள்ள தள்றதா? நான் எட்டு வருஷமா சந்தேகப்படறேன். எனக்கே தெரியாத முடிவு இவருக்கு ஒரு சாயங்காலத்துல எப்படித் தெரிஞ்சுது? எனக்கு இப்ப இவரு மேலதான்யா சந்தேகமா இருக்குது."

பேராசிரியர் விழுப்புரத்தில் தங்கியிருந்து மறுநாள் மெட்ராஸ் வண்டி பிடிப்பதாக ஏற்பாடு. காலையில் ஏட்டையா போய், வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி சாப்பிட வேண்டும் என்று அழைத்தார். அவர் யாரையும் வீட்டுக்கு அழைத்து நான் பார்த்ததில்லை. வந்தவரைக் கூடத்தில் உட்காரவைக்காமல் நேரே கொல்லைக்கு, மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சீருடையோடு மாட்டின் முன்னால் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி, தம் வீட்டுத் தெலுங்கில் அந்த மாட்டிடம் மடமடவென்று பேச ஆரம்பித்தார். கையில் காபித் தம்ளரோடு வந்த ஆதிலட்சுமி அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அந்த அம்மாள் கண்ணில் நீர் கட்டியதைப் பார்த்தேன்.

பேராசிரியர் கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டார். "இது என்ன பாஷை? கன்னடம் கலந்த மாதிரி இருக்கிறதே?"

"தெலுங்குங்க."

"தெலுங்கா! என் தாய்மொழியே தெலுங்கு. எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லையே."

"அதாங்க நானும் கேக்கறேன்" என்றார் ஏட்டையா. "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இதத்தான் பேசிக்கினு இருக்கறோம். உங்க கணக்குப்படி நான் தெலுங்கன் இல்ல. இந்த ஊருக் கணக்குப்படி தமிழனும் இல்ல. அப்ப நான் யாருங்க? சீனாக்கார உளவாளியா? எனக்கும் முள்ளுக்கம்பி போட்டுருவீங்களா?"

பேராசிரியர் காபியை வாங்கி நின்றபடியே குடித்தார். பிறகு, "வண்டி சாயங்காலம்கூட இருக்கிறதல்லவா? வாருங்கள், திண்டிவனம் போய் அவரிடம் நான் கேட்காமல் விட்டதைக் கேட்போம்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்காக அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தடவை இத்தாலி மொழியில் கேட்கவில்லை, தமிழிலேயே கேட்டார். "உங்கள் அம்மா உங்களிடம் என்ன பேசினார்?" பியேரி மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இதத்தாங்க பேசினாங்க. பூர்லான்னு சொல்லுவோம். மலையடிவாரத்துல எங்க பக்கம் எல்லாம் இதாங்க. இஸ்கூல்ல இத வாயத் தொறந்து பேசினா வாத்தியாரு வெளுத்துருவாரு. இத்தாலிப் பாஷை இஸ்கூல்லயும் பட்டாளத்துலயும் கத்துக்கினது. இங்க வந்து அது போயிருச்சு. இது போவல. எப்படிப் போவும், தெனம் மாட்டுக்கிட்ட பேசறேனே?" அப்புறம் அவரே சொன்னார், நாங்கள் கேட்கவில்லை: "தபாலாபீசுல போய்க் கேக்கறது, இந்தப் பாஷையில ஒரு வரி எவனாச்சும் எழுதியிருப்பானான்னுதாங்க."

இத்தாலியில் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு பேச்சு உண்டு என்று தாம் படித்ததைப் பேராசிரியர் அப்போது எங்களுக்குச் சொன்னார். நாடு ஒன்றாகி நூறு வருஷம்தான் ஆகிறது, பள்ளிக்கூடமும் ரேடியோவும் வந்து அந்தப் பேச்சுகளை ஒவ்வொன்றாக வாயடைத்துக்கொண்டு வருகின்றன என்றார். "படித்திருந்தும் நேற்று எனக்கு அது தோன்றவில்லை. இன்னும் கொஞ்ச காலத்தில் இந்த மொழிகளைக் கேட்க மனிதர்கள் இருக்க மாட்டார்கள்" என்று வருத்தப்பட்டார்.

"எங்க ஊட்டுல இப்பவே இல்லீங்க" என்றார் ஏட்டையா.

பேராசிரியர் தம் முடிவை மாற்றி எழுதிக்கொடுத்தார். பியேரி திண்டிவனத்திலேயே இருந்தார். இதோடு ஏட்டையாவின் சந்தேகம் தீர்ந்ததென்று நினைத்தால் அவரை நீங்கள் அறியவில்லை. பேராசிரியரை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "ரெண்டு நாள்ல ரெண்டு விதமா பேசினாரு பாத்தியா? அந்த மனுசன் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்."

மறு வருஷம் ஆதிலட்சுமி அம்மாள் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு மாதாமாதம் போன திண்டிவனம் விசாரணை வாராவாரம் ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. "இன்னா ஏட்டையா, இன்னும் விசாரணையா?" என்று கேட்டால், "கேஸ் முடியலய்யா" என்பார். ஒரு நாள் நான் அங்கே போனபோது இருவரும் கொட்டகையில் மாட்டுக்குக் கேப்பைத் தட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பியேரி தம் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஏட்டையா காதை நீட்டிக் கேட்டுவிட்டுத் தெலுங்கில் நீளமாகப் பதில் சொன்னார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. என்னைப் பார்த்ததும் இருவரும் தமிழுக்கு மாறிக்கொண்டார்கள். வேண்டாத இடத்தில் வந்து நுழைந்துவிட்டோம் என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

இந்தி எதிர்ப்புக் கலவரமெல்லாம் அடங்கிய பிறகு, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் பியேரி இறந்தார். மாதா கோவில் கல்லறையில் அடக்கம் செய்தோம். ஏட்டையா எல்லோருக்கும் பின்னால் நின்றார். பிறகு மில்லுக்குப் போய், பியேரியின் கிடாரிக் கன்றை அவிழ்த்துக்கொண்டு விழுப்புரம் வந்துவிட்டார். எதற்கு ஏட்டையா என்றேன். "சாட்சி நம்மகிட்ட இருக்கணும்யா" என்றார். அந்தக் கன்றுக்குப் பியேரியின் பேச்சுதான் தெரியும். "வென் கா, வென் கா" என்று அவர் கூப்பிட்டால் வரும். மில்லில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை அது, எனக்கும் தெரியும். ஏட்டையா அதைச் சொல்லித்தான் கன்றை வளர்த்தார். மேலே தம் தெலுங்கையும் சேர்த்துக்கொண்டார்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, காட்டுக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏட்டையாவின் மகன் சுந்தரம், தலை துவட்டாமல், கொல்லையிலிருந்து ஓடி வந்தார். "அண்ணே, மாடு கிட்டயே விட மாட்டேங்குது. பாலை அடக்கிக்கினு நிக்குது. கன்னுக்குட்டி கத்துது. நீங்கதான் அப்பாகூட இருந்தவரு, கொஞ்சம் வாங்க" என்றார். கொட்டகைக்குப் போனேன். பியேரியின் அந்தக் கன்று, இப்போது தானே ஒரு கன்றுக்குத் தாய், மூலையில் மிரண்டு நின்றது. "வென் கா, வென் கா" என்றேன். காதைத் திருப்பியது. மெல்ல நடந்து வந்து கறக்கிற இடத்தில் நின்றது. சுந்தரத்தின் மனைவி உட்கார்ந்து கறந்தார். எங்கேயோ ஒரு மலையடிவாரத்துத் தாய் பேசிய இரண்டு வார்த்தைக்கு விழுப்புரத்தில் பால் இறங்கியது.

கறந்து முடிந்தது. மாடு தன் கட்டுத்தறிக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. தட்டினோம், கயிற்றை இழுத்தோம், "போ, போ" என்றோம். அசையவில்லை.

"கறந்து முடிச்சா அப்பா ஒண்ணு சொல்வாருண்ணே. அதச் சொன்னாதான் போவும்" என்றார் சுந்தரம்.

"இன்னா சொல்வாரு?"

"தெலுங்குல ஏதோ. எங்களுக்குத்தான் அவரு சொல்லியே குடுக்கலையே. சித்தப்பா வந்து அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிப் பாத்தாரு, அது கண்டுக்கல." அவ்வளவு நேரம் அழாதிருந்தவர், மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி அழுதுவிட்டார். "உங்களுக்கும் தெரியாதாண்ணே?"

எனக்கும் தெரியாது. என் எதிரில் அவர் அதைத் தணிந்த குரலில்தான் சொல்வார். மாடு எங்களைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து, காதுகளை நிமிர்த்தி, வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக்கு வருகிற கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது, நான் கிளம்பும்போதும் அப்படியேதான் நின்றது. ஏட்டையா இல்லை என்று அப்போதுதான் நான் நம்பினேன்.

போய் வாருங்கள் ஏட்டையா. அங்கே ஆதிலட்சுமி அம்மாள் இருப்பார், பியேரியும் இருப்பார். இனிமேலாவது கதவைச் சாத்தாமல், வாய்விட்டுப் பேசுங்கள். நான் இங்கே எழுதியதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கும், இல்லாமல் போகாது. மாட்டை விசாரித்துக்கொள்ளுங்கள்.